சர்க்கரை நோய், மூட்டுவலி: மருத்துவ ஆய்வுகள் பற்றி நோயாளிகள் கேட்கும் கேள்விகள்

மருத்துவ ஆய்வுகளில் ஒருங்கிணைப்பாளராக வேலை பார்க்கிறேன். மருத்துவர் பேசிவிட்டுப் போன பிறகு, ஒப்புதல் படிவத்தோடு நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக வாசித்து விளக்குவதுதான் என் வேலையில் பெரும்பகுதி. அப்போது வரும் கேள்விகளில் அடிக்கடி வருபவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சர்க்கரையும் முழங்கால் வலியும் சேர்ந்தே உள்ளவர்களை மனதில் வைத்து எழுதியது இது. படித்துவிட்டு மருந்தை நீங்களாகவே மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம். சந்தேகம் எழுந்தால் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆய்வில் சேர்ந்தால் என்னைச் சோதனை எலியாக்கிவிடுவீர்களா?

கேட்க வேண்டிய கேள்விதான். படிவத்தை எடுத்ததும் பலர் முதலில் கேட்பதும் இதைத்தான். எலியிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. உங்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்க முடியாது. உங்களிடம் வருவதற்கு முன்பே ஆய்வுத் திட்டத்தை ஒரு நெறிமுறைக் குழு படித்து அனுமதித்திருக்க வேண்டும். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். அதில் குறைந்தது பாதிப் பேர் அந்த மருத்துவமனையைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். மருத்துவம் படிக்காத பொதுமனிதர் ஒருவரும் இருப்பார். படிவத்தில் உள்ள தமிழ் சாதாரண மனிதருக்குப் புரிகிறதா என்று பார்ப்பது அவருடைய வேலைகளில் ஒன்று.

மாத்திரை போட்டால் சர்க்கரை குறைகிறதா என்று மூன்று மாதத்தில் தெரிந்துவிடுமே? எதற்குப் பல வருட ஆய்வு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

சர்க்கரை அளவு ஒரு எண். அந்த எண்ணுக்காக யாரும் வைத்தியம் பார்ப்பதில்லை. கண் பார்வை போகக் கூடாது, சிறுநீரகம் பழுதாகக் கூடாது, காலை எடுக்கும் நிலை வரக் கூடாது, மாரடைப்பு வரக் கூடாது என்பதற்காகத்தான் பார்க்கிறோம். இவையெல்லாம் மூன்று மாதத்தில் வருபவை அல்ல. எண்ணைக் குறைத்தால் இவையும் குறையும் என்று நம்பலாம். ஆனால் அது உண்மையா என்பதைக் காத்திருந்துதான் பார்க்க வேண்டும்.

பிரிட்டனில் 1977-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். சர்க்கரை நோய் புதிதாகக் கண்டறியப்பட்ட 5,102 பேரைச் சேர்த்தார்கள். முடிவு வெளிவந்தது 1998-இல். தீவிர சிகிச்சை பெற்றவர்களின் எச்பிஏ1சி, அதாவது ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, 7.0 ஆக இருந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கு 7.9. அந்த 0.9 வித்தியாசம் கண், சிறுநீரகம் போன்ற சிறு ரத்தக்குழாய்ப் பாதிப்புகளை 25 சதவீதம் குறைத்தது. மாரடைப்பில் மட்டும் உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. ஆய்வு முடிந்த பிறகும் அதே மனிதர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரே வருடத்தில் இரு தரப்பாரின் சர்க்கரை அளவும் ஒன்றாகிவிட்டது. ஆனால் 2008-இல் வெளியான முடிவைப் பார்த்தால், ஆரம்பத்தில் தீவிர சிகிச்சை பெற்றவர்களுக்கு மாரடைப்பும் இறப்பும் குறைவாக இருந்தன. நோய் வந்த முதல் சில வருடங்களில் எடுத்துக்கொண்ட அக்கறையின் பலன் பல வருடம் கழித்தும் உடலில் தங்கியிருந்தது. 'இப்போதுதானே வந்திருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடுகிற ஒவ்வொருவரிடமும் நான் சொல்வது இந்த முடிவைத்தான்.

அப்படியானால் இன்னும் இறக்கினால் இன்னும் நல்லதா? அமெரிக்காவிலும் கனடாவிலும் 'அக்கார்ட்' என்ற ஆய்வில் 10,251 பேரிடம் இதைச் சோதித்தார்கள். நெடுநாள் சர்க்கரை நோயாளிகள். ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்கள் அல்லது அது வரும் ஆபத்து அதிகம் உள்ளவர்கள். ஒரு தரப்பாருக்கு எச்பிஏ1சியை 6-க்குக் கீழே கொண்டுவருவது இலக்கு. எண் நன்றாகவே இறங்கியது. ஆனால் அந்தத் தரப்பில் 257 பேர் இறந்திருந்தார்கள். மிதமான இலக்கு வைத்த தரப்பில் 203 பேர். 2008 பிப்ரவரியில் தீவிர சிகிச்சையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். மூன்று மாத ஆய்வாக நடத்தியிருந்தால் இதே சிகிச்சையை 'மகத்தான வெற்றி' என்று அறிவித்திருப்பார்கள்.

மருந்து விஷயத்திலும் இதே பாடம்தான். ரோசிகிளிட்டசோன் என்ற மாத்திரை சர்க்கரையைக் குறைத்தது. ஆனால் அது மாரடைப்பை அதிகரிக்கக்கூடும் என்ற கேள்வி 2007-இல் எழுந்தது. 2010-இல் இந்தியா அதைத் தடை செய்தது. இதற்கிடையே 2008-இல், புதிய சர்க்கரை மருந்து எதுவானாலும் இதயத்துக்குத் தீங்கு செய்யவில்லை என்று காட்ட வேண்டும் என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கேட்கத் தொடங்கியது. அதற்காக நடத்திய ஆய்வுகளில் ஒரு நல்ல செய்தியும் கிடைத்தது. எம்பாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மருந்து தீங்கு செய்யவில்லை என்று காட்டத்தான் ஆய்வு நடந்தது. 2015-இல் வந்த முடிவில், இதய நோயும் சர்க்கரையும் உள்ளவர்களிடம் இதயம் சார்ந்த இறப்பை அது 38 சதவீதம் குறைத்திருந்தது. சர்க்கரையை மட்டும் அளந்திருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆகவே எந்த ஆய்வைப் பற்றிப் படித்தாலும் முதலில் கேளுங்கள்: அவர்கள் எதை அளந்தார்கள்? ஒரு எண்ணையா, மனிதர் நன்றாக வாழ்ந்ததையா?

அப்படியானால் என் எச்பிஏ1சி எவ்வளவு இருக்க வேண்டும்?

பலருக்கு 7-க்குக் கீழே என்பது பொதுவான இலக்கு. வயதானவர்களுக்கும், சர்க்கரை திடீரென்று தாழ்ந்துபோய் மயங்கியவர்களுக்கும், இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கும் இலக்கைச் சற்றுத் தளர்த்துவது வழக்கம். பக்கத்து வீட்டுக்காரரின் 6.2-ஐப் பார்த்து மனம் வருந்த வேண்டாம்.

இதெல்லாம் வெளிநாட்டில் நடந்தவை. நம் உடம்புக்குப் பொருந்துமா?

நியாயமான சந்தேகம். நம்மவர்கள் அதிகம் பருமன் இல்லாமலேயே, இளவயதிலேயே சர்க்கரை நோய்க்கு ஆளாகிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2023-ஆம் ஆண்டு ஆய்வறிக்கை, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணித்தது.

இந்தச் சந்தேகத்துக்கு விடை தேடிய முக்கியமான ஆய்வுகளில் ஒன்று சென்னையில் நடந்தது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வின் முடிவு 2006-இல் வெளிவந்தது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இன்னொன்றுக்கு உணவும் நடையும் பற்றிய தொடர் வழிகாட்டல். மூன்றாவதற்கு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை. நான்காவதற்கு இரண்டும். மூன்று வருடத்தில், அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. மற்ற மூன்று குழுக்களிலும் 39 முதல் 41 சதவீதத்துக்குள்தான். இதேபோன்ற ஓர் அமெரிக்க ஆய்வில் 850 மில்லிகிராம் மெட்ஃபார்மின் தினமும் இருவேளை கொடுத்தார்கள். இங்கே 250 மில்லிகிராம் இருவேளை கொடுத்ததே பலன் தந்தது. இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை. நடையை ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்கள் மாத்திரைக்குச் சமமான பலனை அடைந்தார்கள் என்பதை நான் யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை.

அதே குழுவினர் பிறகு 537 ஆண்களிடம் இன்னொன்றைச் சோதித்தார்கள். உணவு, உடற்பயிற்சி பற்றிக் கைப்பேசிக்கு அடிக்கடி குறுஞ்செய்தி அனுப்புவது, அவ்வளவுதான். இரண்டு வருடத்தில் செய்தி பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கு. செலவு குறைவு, ஊர் எவ்வளவு தொலைவில் இருந்தாலும் செய்தி போய்ச் சேரும்.

செய்தித்தாளில் 'ஆபத்து 28 சதவீதம் குறைந்தது' என்று போடுகிறார்கள். நூறு பேரில் 28 பேர் தப்பினார்களா?

இல்லை. மேலே சொன்ன சென்னை ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். 55 என்பது 39 ஆனது. 55-இல் ஏறக்குறைய 28 சதவீதம் குறைந்திருக்கிறது, அது ஒரு கணக்கு. நூறு பேரில் ஏறத்தாழ 16 பேர் தப்பினார்கள், இது இன்னொரு கணக்கு. இரண்டும் சரி. உங்களுக்குப் பயன்படுவது இரண்டாவது. ஆபத்து மிகக் குறைவாக உள்ளவர்களிடம் 'பாதியாகக் குறைத்தது' என்றால் ஆயிரம் பேரில் இரண்டு என்பது ஒன்று ஆனதாகவும் இருக்கலாம். விளம்பரங்களில் முதல் கணக்கைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள்.

சர்க்கரை நோயை முழுவதும் விரட்டிவிடலாம் என்கிறார்களே?

பிரிட்டனில் 'டைரக்ட்' என்ற ஆய்வு நடந்தது. 306 பேர் கலந்துகொண்டார்கள். நோய் வந்து ஆறு வருடத்துக்கு உட்பட்டவர்கள், இன்சுலின் போடாதவர்கள், எடை அதிகம் உள்ளவர்கள். ஒரு தரப்பாருக்கு மூன்று முதல் ஐந்து மாதம், நாளொன்றுக்கு ஏறக்குறைய 850 கலோரி மட்டுமே தரும் திரவ உணவு. ஒரு வருடத்தில் அவர்களில் 46 சதவீதம் பேர் மருந்தில்லாமலேயே சர்க்கரை நோய் வரம்புக்குக் கீழே வந்தார்கள். இரண்டாம் வருட முடிவில் அது 36 சதவீதமானது. எடை திரும்ப ஏறியவர்களுக்குச் சர்க்கரையும் திரும்பியது. எனவே நோய் ஒதுங்கியிருக்கும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. சிலருக்கு, மருத்துவர் மேற்பார்வையில், எடை குறைந்திருக்கும் வரை. யூடியூபில் பார்த்துவிட்டு இன்சுலினை நிறுத்தி, உயிருக்குப் போராடும் நிலையில் வருகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

போலி மாத்திரை கொடுப்பது ஏமாற்று வேலை இல்லையா?

உங்களுக்குத் தெரியாமல் கொடுத்தால் ஏமாற்றுதான். 'உங்களுக்கு மருந்தும் கிடைக்கலாம், மருந்தில்லாத மாத்திரையும் கிடைக்கலாம்' என்று படிவத்திலேயே எழுதியிருக்கும். அந்த வரியை நான் இரண்டு முறை வாசிப்பேன். வாசித்த பிறகு, 'நான் சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள்' என்று கேட்பேன். ஒரு முறை ஓர் அம்மா, 'அப்போது நான் வாங்கிப் போகும் டப்பாவில் என்ன இருக்கிறது என்று உனக்கும் தெரியாதா, மகளே?' என்று கேட்டார். தெரியாது என்றேன். மருத்துவருக்கும் தெரியாது என்றதும் வாய்விட்டுச் சிரித்தார்; பிறகு வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் படிவத்தைக் கையோடு எடுத்துப் போனார். அப்படித்தான் செய்ய வேண்டும். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போக விடாத இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

போலிச் சிகிச்சை ஏன் தேவை என்பதற்கு முழங்காலைவிட நல்ல சாட்சி கிடையாது. மூட்டுத் தேய்மானத்துக்குத் துளைபோட்டுக் கழுவிச் சுத்தம் செய்யும் அறுவை சிகிச்சை ஒரு காலத்தில் ஏராளமாக நடந்தது. அமெரிக்காவில் ஹூஸ்டனில் 180 பேரிடம் அதைச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டுத் தைத்துவிட்டார்கள். தமக்குப் போலி அறுவைதான் கிடைக்கக்கூடும் என்பது புரிந்திருக்கிறது என்று ஒவ்வொருவரும் தம் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள். 2002-இல் வந்த முடிவு: இரண்டு வருடம் வரை பார்த்தும், உண்மையான அறுவை பெற்றவர்களின் வலி கீறல் மட்டும் பெற்றவர்களைவிடக் குறையவில்லை. மூட்டுவலி ஏறும், இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மருத்துவரிடம் போகிறோம். பிறகு அது தானாகவே இறங்கினாலும் சிகிச்சைக்குத்தான் பெயர் கிடைக்கிறது.

மூட்டுவலிக்கென்று விற்கும் குளுக்கோசமைன் மாத்திரை சாப்பிடலாமா?

1,583 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2006-இல் வந்தது. போலி மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே 60 சதவீதம் பேருக்கு வலி குறைந்திருந்தது. குளுக்கோசமைனும், அதேபோல் விற்கும் கோண்ட்ராய்ட்டினும் ஒட்டுமொத்தமாக அதைத் தெளிவாக மிஞ்சவில்லை. மாதம்தோறும் அதற்குக் கொடுக்கும் பணத்தில் நல்ல செருப்பு வாங்கி நடக்கலாம் என்பது என் எண்ணம்.

முழங்காலில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சர்க்கரை ஏறுமா?

ஏறும், சில நாள்களுக்கு. ஊசிக்கு முன் உங்களுக்குச் சர்க்கரை இருப்பதைச் சொல்லுங்கள், அந்த நாள்களில் அடிக்கடி அளந்து பாருங்கள். வலி அதிகமாக இருக்கும்போது ஒரு ஊசி தற்காலிக நிவாரணம் தரும். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று இரண்டு வருடம் போட்டுப் பார்த்த ஆய்வு ஒன்றில், 2017-இல் வந்த முடிவின்படி, உப்பு நீர் ஊசியைவிட வலி குறையவில்லை. குருத்தெலும்புத் தேய்மானம்தான் சற்று அதிகமாக இருந்தது.

இரண்டு நோய்க்கும் சேர்த்து ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது: எடை குறைப்பதும் தசையை வலுப்படுத்துவதும். அமெரிக்காவில் எடை அதிகமுள்ள 454 முழங்கால் நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டையும் உடற்பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்கள் 18 மாதத்தில் சராசரியாகப் பத்து கிலோவுக்கு மேல் குறைந்தார்கள். வலி ஏறக்குறைய பாதியானது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை பிடித்து, மெல்ல இறக்குவது போன்ற எளிய பயிற்சியிலிருந்து தொடங்கலாம். வலிக்கிறதே என்று நடையை நிறுத்தினால் தொடைத்தசை மெலியும், மூட்டின் மேல் பாரம் கூடும், சர்க்கரையும் ஏறும்.

5,145 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த 'லுக் அஹெட்' ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். எடை குறைத்தால் மாரடைப்பு குறையுமா என்று பார்த்தார்கள். குறையவில்லை, 2012-இல் நிறுத்திவிட்டார்கள். தோல்வி என்று செய்தி வந்தது. ஆனால் அதே ஆய்வில், எடை குறைத்தவர்களுக்கு நான்கு வருடத்தில் நடமாட்டம் குறைந்துபோகும் ஆபத்து 48 சதவீதம் குறைவாக இருந்தது. மாடிப்படி ஏற முடிகிறதா, கடைக்கு நடந்து போக முடிகிறதா என்பதுதான் என்னிடம் வருகிறவர்களின் கவலை. அவர்களுக்கு இது தோல்வியே அல்ல.

சர்க்கரை மருந்துகளே மூட்டுக்கு உதவுமா என்றும் பார்க்கிறார்கள். உடல் பருமனும் முழங்கால் தேய்மானமும் உள்ள 407 பேரிடம் செமாக்ளூட்டைடு ஊசியைச் சோதித்து 2024-இல் முடிவு வெளியிட்டார்கள். எடையும் வலியும் போலி ஊசியைவிட நன்றாகக் குறைந்தன. ஆஸ்திரேலியாவில் 107 பேரிடம் மெட்ஃபார்மினைச் சோதித்ததில் ஆறு மாதத்தில் வலி ஓரளவு குறைந்ததாக 2025-இல் எழுதினார்கள். சிறிய ஆய்வு, ஆறே மாதம். பெரிய ஆய்வு வரும்வரை மூட்டுக்காக மட்டும் மெட்ஃபார்மின் கேட்டு வாங்க வேண்டாம்.

முடக்குவாதத்துக்கு விலை உயர்ந்த ஊசிதான் தீர்வா?

எல்லோருக்கும் இல்லை. முடக்குவாதம் தேய்மானம் அல்ல. உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் நோய். கிளாஸ்கோவில் 111 பேரிடம் நடந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. புது மருந்து எதுவும் கிடையாது. ஒரு குழுவினரை மாதம்தோறும் வரச் சொல்லி, வீங்கிய மூட்டுகளை எண்ணி, நோய் அடங்கவில்லை என்றால் உடனே மருந்தைக் கூட்டினார்கள். 18 மாதத்தில் அவர்களில் 65 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 16 சதவீதம் பேருக்கு மட்டுமே. 2013-இல் வெளியான இன்னோர் ஆய்வு, மெத்தோட்ரெக்ஸேட் உள்ளிட்ட மூன்று பழைய மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுப்பது, மெத்தோட்ரெக்ஸேட்டோடு எட்டனர்செப்ட் என்ற விலை உயர்ந்த ஊசியைக் கொடுப்பதற்குக் குறைந்ததல்ல என்று காட்டியது. மாத்திரைக்குக் கட்டுப்படாதவர்களுக்கு ஊசி வரப்பிரசாதம்தான். முதலில் கிடைக்க வேண்டியது அடிக்கடிக் கவனிப்பு.

மெத்தோட்ரெக்ஸேட்டை வாரத்தில் ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று மருந்துச் சீட்டிலும் அட்டையிலும் எழுதி வாங்குங்கள்.

வலி மாத்திரையும் நாட்டுப் பொடியும் சாப்பிடுகிறேன். ஆய்வில் சேரும்போது சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்ல வேண்டும், பையோடு கொண்டுவந்து காட்டுங்கள். டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் சர்க்கரையால் ஏற்கெனவே களைத்திருக்கும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ரோஃபெகாக்ஸிப் என்ற வலி மாத்திரை வயிற்றைக் கெடுக்காது என்று உலகமெங்கும் விற்றது. மாரடைப்பு அதிகமாகிறது என்று நீண்ட ஆய்வு ஒன்று காட்டியதால் 2004 செப்டம்பரில் நிறுவனமே திரும்பப் பெற்றது. பெயரில்லாத பொட்டலத்தில் வரும் 'மூட்டுவலிப் பொடி'களில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பல முறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. இரண்டே நாளில் வலி மாயமாகி, காரணமே இல்லாமல் சர்க்கரை ஏறினால் அந்தப் பொட்டலத்தைச் சந்தேகியுங்கள். ஆனால் பல மாதம் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து; மருத்துவரிடம் காட்டி நிறுத்துங்கள்.

இடையில் விலகலாமா?

எப்போது வேண்டுமானாலும் விலகலாம்; காரணம் சொல்ல வேண்டியதில்லை. வழக்கமான சிகிச்சை அதனால் நிற்கக் கூடாது.

ஆய்வால் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

இந்திய விதிகளின்படி இலவச சிகிச்சை தர வேண்டும். பாதிப்பு ஆய்வால் வந்தது என்று உறுதியானால் இழப்பீடும் உண்டு. இரவு இரண்டு மணிக்கு அழைத்தாலும் எடுக்கும் எண் படிவத்தில் இருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன் அந்த எண்ணுக்கு அழைத்துப் பாருங்கள். யாராவது எடுக்கிறார்களா என்று தெரிந்துவிடும்.

ஆய்வு முடிந்த பிறகும் அந்த மருந்து கிடைக்குமா?

அந்த மருந்தால் உங்களுக்குப் பலன் கிடைத்து, வேறு மாற்று மருந்தும் இல்லாதபோது, ஆய்வு மருத்துவர் பரிந்துரைத்து, நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்டால், இலவசமாகத் தொடர விதிகளில் இடம் இருக்கிறது. சர்க்கரைக்கும் மூட்டுவலிக்கும் பெரும்பாலும் வேறு மருந்துகள் இருப்பதால் இது எளிதில் நடப்பதில்லை. மருந்தால் நலமடைந்த ஒருவரிடம், 'அடுத்த மாதத்திலிருந்து இது கிடைக்காது' என்று சொல்வது இந்த வேலையில் எனக்கு மிகக் கடினமான பகுதி. சேரும் அன்றே இதைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓர் ஆய்வு முறையானதா என்று நான் எப்படிச் சரிபார்ப்பது?

இந்தியாவில் 2007 முதல் மருத்துவ ஆய்வுகளுக்கான பொதுப் பதிவேடு ஒன்று இருக்கிறது. 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயம். இலங்கையிலும் 2006 முதல் இதுபோன்ற பதிவேடு உண்டு. ஆய்வின் பதிவு எண்ணைக் கேட்டு, படித்த பிள்ளைகள் யாரையாவது இணையத்தில் தேடச் சொல்லுங்கள். எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள், எவ்வளவு காலம், யார் பணம் தருகிறார்கள், முடிவில் எதை அளக்கப்போகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். கடைசியாகச் சொன்னதை முதலில் பாருங்கள். பதிவு எண் இல்லை என்றாலோ, சேர்வதற்கு உங்களிடமே பணம் கேட்டாலோ, படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.